ரத்த ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அம்மா கேட்டார்கள். "சளி, காய்ச்சல்னு போனா சி.ஆர்.பி. எடு, டி-டைமர் எடுங்கிறாங்க. ரிப்போர்ட் வாட்ஸ்அப்புல வருது. தடிச்ச எழுத்துல இருந்தா பயமா இருக்கு, சாதாரணமா இருந்தா நிம்மதியா இருக்கு. அதை வச்சு முடிவு பண்ணலாமா?" இந்தக் கேள்விக்காகத்தான் செயலாளர் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்தவன். எண்களை நிதானமாகப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே மருந்து எதையும் சிபாரிசு செய்யப் போவதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸ் காய்ச்சல் நுரையீரலைத் தாக்குகிறதா, நோய் எவ்வளவு கடுமை என்பதை வீட்டில் இருக்கும் நமக்கு முதலில் சொல்வது மூச்சு. அடுத்தது ஆக்சிஜன் அளவு. அதற்கடுத்தது வயதும் ஏற்கெனவே உள்ள நோய்களும். ரத்தத்தில் பார்க்கும் எண்கள் இவற்றுக்குப் பின்னால் வருபவை. டாக்டர் கையில் அவை நல்ல கருவி. தனியாக நம் கையில் இருந்தால் வீண் பயத்தையும் வீண் நிம்மதியையும் தரக்கூடியவை.

இந்த எண்கள் எப்படி நம் வீட்டுக்குள் வந்தன?

2020-க்கு முன்னால் நம்மில் எத்தனை பேருக்கு டி-டைமர் என்ற பெயர் தெரியும்? தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று இதோ பக்கத்தில் இருக்கும் நம் ராஜாஜி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. அடுத்த ஆண்டு இரண்டாவது அலை. பனகல் சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத அந்த நாட்களில்தான் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், எல்.டி.எச். எல்லாம் நம் வீட்டுப் பேச்சில் கலந்தன. கொரோனா ஓய்ந்த பிறகும் 'காய்ச்சல் பேக்கேஜ்' என்ற பெயரில் அவை தங்கிவிட்டன.

டி-டைமர் பெயர் பெற்றதற்கு ஒரு முக்கியமான காரணம், 2020 மார்ச்சில் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு. வூஹான் நகரின் இரண்டு மருத்துவமனைகளில் இருந்த 191 நோயாளிகளின் கணக்கு அது. 137 பேர் குணமாகி வீடு திரும்பினார்கள். 54 பேர் இறந்தார்கள். சேர்க்கும்போதே டி-டைமர் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மரணம் அதிகம் என்று கண்டார்கள். வயது அதிகமானாலும் மரணம் அதிகம் என்பதும் அதே ஆய்வில் உண்டு.

கணக்குப் படித்தவன் என்ற முறையில் நான் பார்ப்பது வகுக்கும் எண்ணை. இந்த 191 பேரும் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இறந்திருக்கிறார்கள். அவ்வளவு கடுமையான நோயாளிகளிடம் கண்ட கணக்கை, தொண்டைக் கரகரப்போடு வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு அப்படியே பொருத்த முடியாது. பெரிய கடன் வாராக்கடன் ஆவதற்கான அறிகுறிகளை வைத்து, ஐயாயிரம் ரூபாய் நகைக்கடனை அளக்க மாட்டோம் அல்லவா, அதுபோல.

ஒவ்வொரு எண்ணும் என்ன?

சி.ஆர்.பி.: உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம் இது. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும், மூட்டு வீங்கினாலும் ஏறும், விழுந்து அடிபட்டாலும் ஏறும். தெருவில் நாய் குரைப்பது மாதிரி. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும், வந்தவர் திருடனா தபால்காரரா என்று தெரியாது.

டி-டைமர்: ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி கரையும்போது வரும் துணுக்கு. கர்ப்பிணிகளுக்கும், அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும், புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இருக்கும். வயது ஏறினாலே கொஞ்சம் ஏறும். கால் நரம்பிலோ நுரையீரலிலோ உறைகட்டி இல்லை என்று உறுதிசெய்யும்போது, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை எல்லையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் டாக்டர்களிடம் உண்டு. 70 வயதுக்காரருக்கு 500-க்குப் பதில் 700. ஆனால் ரிப்போர்ட்டில் அச்சாகும் எல்லை பெரும்பாலும் எல்லா வயதுக்கும் ஒன்றுதான். 70 வயதுக்காரருக்கு 620 என்று வந்தால் தடித்த எழுத்தில் வரும். அந்தத் தடித்த எழுத்துக்கு அவருடைய வயது தெரியாது.

ஃபெரிட்டின்: இரும்புச் சத்தைச் சேமித்து வைக்கும் புரதம். ரத்தசோகை இருந்தால் குறையும், அழற்சி இருந்தால் ஏறும், கல்லீரல் கெட்டிருந்தாலும் ஏறும். இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் ஒரே ஆளிடம் இருந்தால் எண் நடுவில் நின்று ஏமாற்றும்.

எல்.டி.எச்.: உடம்பின் செல்களுக்குள் இருக்கும் நொதி. செல் சிதைந்தால் வெளியே வரும். ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குள்ளோ குழாயிலோ சிவப்பணுக்கள் உடைந்தால்கூட எண் எகிறிவிடும். நோயாளியிடம் எந்தக் கோளாறும் இல்லாமலே ரிப்போர்ட்டில் கோளாறு தெரியும்.

லிம்போசைட்: வெள்ளணுக்களில் ஒரு வகை. கடுமையான கொரோனாவில் இது குறைந்தது. சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஒருவருக்கு மொத்த வெள்ளணு 4,000, லிம்போசைட் 15 சதவீதம் என்றால் 600. இன்னொருவருக்கு மொத்தம் 12,000, அதே 15 சதவீதம் என்றால் 1,800. முதலாமவருக்கு உண்மையிலேயே குறைவு. பெரியவர்களுக்கு 1,000-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். இரண்டாமவருக்குக் குறைவே இல்லை, அவருக்கு வேறு அணுக்கள் கூடியிருக்கின்றன. நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து ஒரு விகிதமும் பார்க்கிறார்கள். 4,800-ஐ 720-ஆல் வகுத்தால் 6.7. 3,600-ஐ 1,800-ஆல் வகுத்தால் 2. விகிதம் கூடினால் உடம்பு அதிக நெருக்கடியில் இருக்கிறது என்று பொருள். ஒரு எச்சரிக்கை: ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். அதனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அலகைப் பாருங்கள்

என் அனுபவத்தில் மிகவும் பயன்படும் பகுதி இதுதான். இரண்டாவது அலையின்போது நம் தெருவில் ஒரு வீட்டில் பெரியவருக்குக் காய்ச்சல். முதல் நாள் ஒரு லேபில் சி.ஆர்.பி. 2.4 என்று வந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு லேபில் 20 என்று வந்தது. எட்டு மடங்கு ஏறிவிட்டது என்று வீடே கலங்கிப்போனது. வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் அழுகிறார். இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தேன். முதல் லேப் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுத்திருந்தது. இரண்டாவது லேப் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுத்திருந்தது. ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர். அப்படியென்றால் முதல் நாள் 24, மூன்றாம் நாள் 20. ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவர்களுடைய டாக்டரும் அதையே சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் அன்று இரவு தூங்கினார்கள்.

டி-டைமரில் இது இன்னும் மோசம். 500 நானோகிராம் என்பதும் 0.5 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. அதுபோக அளக்கும் முறையே இரண்டு உண்டு. ஒரு முறையில் 500 என்று வருவது இன்னொரு முறையில் ஏறக்குறைய 250 என்று வரும். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது, அந்த லேபின் எல்லை என்ன என்று பார்க்காமல் ஒப்பிடவே கூடாது. டாலர் கணக்கையும் ரூபாய்க் கணக்கையும் ஒரே பத்தியில் கூட்டுவதற்குச் சமம் அது. மறுபடி எடுக்க வேண்டியிருந்தால் அதே லேபிலேயே எடுங்கள்.

ஒரு எண்ணுக்கு எவ்வளவு எடை?

பிரிட்டனில் 260 மருத்துவமனைகளின் 35,000-க்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளின் விவரங்களை வைத்து ஒரு மதிப்பெண் பட்டியல் செய்தார்கள். 2020 செப்டம்பரில் வெளிவந்தது. 4சி என்று பெயர். மொத்தம் 21 மதிப்பெண். கூடினால் ஆபத்து கூடும். எட்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். வயதுக்கு அதிகபட்சம் 7. ஆணாக இருந்தால் 1. வேறு நோய்கள் இருந்தால் 2 வரை. மூச்சு வேகத்துக்கு 2 வரை. ஆக்சிஜன் 92-க்குக் கீழே இருந்தால் 2. நினைவு தடுமாறினால் 2. ரத்தத்தில் யூரியாவுக்கு 3 வரை. சி.ஆர்.பி.க்கு அதிகபட்சம் 2, அதுவும் 100-க்கு மேல் இருந்தால்தான். 50-க்குக் கீழே இருந்தால் பூஜ்யம்.

பாருங்கள், நாம் இவ்வளவு பயப்படும் சி.ஆர்.பி.க்கு 21-இல் இரண்டுதான். ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்தே ஐந்து. மீதிப் பதினாறும் லேப் இல்லாமல், நோயாளியைப் பார்த்தும் கேட்டும் விரலில் கருவியை மாட்டியும் தெரிந்துகொள்ளக்கூடியவை. 60 வயதைத் தொட்டவருக்கு வயதுக்காக மட்டுமே 4 மதிப்பெண் விழுந்துவிடுகிறது. இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கும் நாம் எல்லோரும் அதில் அடக்கம். இந்தப் பட்டியலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கானதுதான், வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதற்கு இல்லை. எது எவ்வளவு முக்கியம் என்று காட்டுவதற்காகச் சொன்னேன்.

நம் நாட்டிலும் அப்படித்தான். 2021 ஏப்ரலில் எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், லேசானது, நடுத்தரம், கடுமை என்று பிரித்தது மூச்சையும் ஆக்சிஜனையும் வைத்துத்தான். மூச்சுத்திணறலும் ஆக்சிஜன் குறைவும் இல்லாவிட்டால் லேசானது. நிமிடத்துக்கு 24 மூச்சு அல்லது அதற்கு மேல், ஆக்சிஜன் 90 முதல் 93 வரை என்றால் நடுத்தரம். 30 மூச்சுக்கு மேல் அல்லது ஆக்சிஜன் 90-க்குக் கீழே என்றால் கடுமை. சி.ஆர்.பி., டி-டைமர் எல்லாம் நடுத்தரமாகி மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னவை.

இரண்டு ஆபத்துகள்

முதல் ஆபத்து, பயத்தில் செய்யும் வைத்தியம். 2021 மே 3 அன்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் டாக்டர் ரன்தீப் குலேரியா இதைப் பற்றி எச்சரித்தார். லேசான நோய் உள்ளவர்கள் இந்தப் பரிசோதனைகளைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் பீதிதான் மிஞ்சும், பல்வலிக்குக்கூட இவை ஏறும் என்பது அவர் சொன்னதன் சாரம். பீதி எங்கே கொண்டுபோய் விடுகிறது? ஸ்டீராய்டில். அது உயிர்காக்கும் மருந்துதான், ஆனால் யாருக்கு? பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருந்தவர்களில் 26.2-லிருந்து 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து பெறாதவர்கள் 14 சதவீதம் இறந்தார்கள், பெற்றவர்கள் 17.8 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு நன்மை எதுவும் இல்லை என்பது தெளிவு. அதே மருந்து சர்க்கரையையும் தாறுமாறாக ஏற்றும். கட்டுப்படாத சர்க்கரையும் தேவையில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கரும்பூஞ்சை வந்ததை அந்த மே மாதத்தில் பார்த்தோம். தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆணையிட்டது அப்போதுதான். எத்தனை பேர் கண்ணை இழந்தார்கள்!

இரண்டாவது ஆபத்து, நிம்மதியில் செய்யும் தாமதம். என் கணக்கில் இதுதான் பெரியது. நேற்று எடுத்த ரிப்போர்ட் நார்மல் என்று இன்று மூச்சு வாங்குவதைப் பொருட்படுத்தாமல் இருப்பது. ரத்தம் எடுத்தது நேற்றுக் காலை. நோய் நேற்றுக் காலையோடு நின்றுவிடவில்லை. சி.ஆர்.பி. ஏறவே பல மணி நேரம் ஆகும், உச்சத்துக்குப் போக இரண்டு நாள் ஆகும். கடந்த மாத இருப்பைப் பார்த்து இன்று காசோலை கொடுத்தால் திரும்பித்தான் வரும்.

அப்படியானால் எடுக்கவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. மருத்துவமனையில் இவை நன்றாக உதவுகின்றன. டோசிலிசுமாப் என்ற விலை உயர்ந்த ஊசியை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, அதே 'ரெகவரி' ஆய்வு ஆக்சிஜன் 92-க்குக் கீழேயும் சி.ஆர்.பி. 75 அல்லது அதற்கு மேலும் இருந்தவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. ஊசி பெற்றவர்களில் மரணம் 31 சதவீதம், பெறாதவர்களில் 35 சதவீதம். கவனியுங்கள், அங்கேயும் ஆக்சிஜனும் சி.ஆர்.பி.யும் சேர்ந்தேதான் பேசுகின்றன.

எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் உதவும். அழற்சி நின்றுவிட்டால் சி.ஆர்.பி. ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 80 இருந்தது மறுநாள் 40 ஆனால் நல்ல அறிகுறி. இறங்க வேண்டிய நேரத்தில் ஏறினால், வைரஸுக்குப் பின்னால் பாக்டீரியாவும் புகுந்துவிட்டதா என்று டாக்டர் யோசிப்பார். புரோகால்சிடோனின் என்ற இன்னொரு பரிசோதனை அதற்குத் துணை செய்யும். ஆனால் நான் சொன்ன அந்த ஊசி போட்ட பிறகு சி.ஆர்.பி. எப்படியும் இறங்கிவிடும். அதனால் அதையும் டாக்டர்தான் படிக்க வேண்டும். இன்னொன்று, நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், டைபாய்டாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய டாக்டர் ரத்த எண்ணிக்கை எழுதிக் கொடுத்தால் மறுக்காமல் எடுங்கள். நானாகப் போய் பேக்கேஜ் வாங்குவதும் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு பரிசோதனை எடுப்பதும் ஒன்றாகாது.

வீட்டில் செய்ய வேண்டியது

பன்றிக்காய்ச்சலுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த ஏ, பி, சி பிரிவுகளும் அறிகுறியையும் ஆளையும் பார்ப்பவைதான். அதை ஒட்டியே சொல்கிறேன்.

ஒன்று, லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் வீட்டில் தனியாக ஓய்வு. ஒரு தாளில் காலையும் மாலையும் நேரம் போட்டு, காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், சர்க்கரை இருப்பவர்கள் சர்க்கரை என்று எழுதுங்கள். டாக்டருக்கு இந்தத் தாள் பேக்கேஜ் ரிப்போர்ட்டைவிட உதவும்.

இரண்டு, மூச்சை எண்ணும்போது அவரிடம் சொல்லாமல் எண்ணுங்கள். சொன்னால் மாறிவிடும். நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

மூன்று, ஆக்சிமீட்டர் போடும் விரலில் மருதாணியும் நகப்பூச்சும் இல்லாமல் இருக்கட்டும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கறுத்த நிறத்தவருக்குக் கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே 95 என்று காட்டினாலும் ஆள் திணறினால் ஆளை நம்புங்கள், கருவியை நம்பாதீர்கள்.

நான்கு, 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காமல் முதலிலேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஃப்ளூ மருந்து ஆரம்பத்தில் கொடுத்தால்தான் அதிகப் பலன்.

ஐந்து, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், நீலம் பாரித்த நகம், அளவு மீறிய தூக்கம், பேச்சில் குழப்பம், ஆக்சிஜன் 93 அல்லது அதற்குக் கீழே. இவற்றில் ஒன்று இருந்தாலும் லேபுக்குப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பல மணி நேரம் பயணம் செய்து வரும் இடத்துக்கு நாம் சில நிமிடத்தில் போய்விடலாம். ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்து அந்த வசதியை வீணாக்கக் கூடாது.

ஆறு, பிள்ளைகள் வெளியூரிலிருந்து போனில் "சி.ஆர்.பி. எவ்வளவு?" என்று கேட்டால், "மூச்சு நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் 97, கஞ்சி குடித்தேன்" என்று பதில் சொல்லுங்கள். அவர்களும் அதையே கேட்கப் பழகட்டும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் அலுவலகத்தில் இரண்டு நல்ல ஆக்சிமீட்டரும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வாங்கி வைக்கலாம். இரவல் கொடுத்து வாங்க ஒரு நோட்டுப் போட்டால் போதும், அந்த நோட்டை நானே பார்த்துக்கொள்கிறேன். நம் பகுதியில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. காய்ச்சல் காலத்தில் தெருவுக்கு ஒருவர் காலையில் அவர்கள் கதவைத் தட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டால் போதும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் அவர் பேசி முடிக்கிறாரா என்று நின்று கவனியுங்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.